ஷாக்கை எப்போது பிரிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்?

இன்ஜின் ஆயில் மாற்ற யாரும் மறப்பதில்லை. செயின் தளர்ந்தால் சத்தம் வரும், இறுக்கிவிடுவோம். டயர் வழுக்கையானால் கண்ணில் படும், மாற்றிவிடுவோம். ஷாக் அப்சார்பர் மட்டும் சத்தம் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். முன்பக்கத்து ஷாக்கான போர்க்குக்குள் ஆயில் இருக்கிறது என்பதே, அது கசிந்து வழிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

வடமதுரை வட்டாரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஒரே வண்டி பல வேலை பார்க்கிறது. விடியற்காலையில் தோட்டத்துச் செம்மண் பாதையில் பால் கேன் ஏற்றி வருகிறது. பகலில் நான்குவழிச் சாலையில் திண்டுக்கல் போய்த் திரும்புகிறது. இரவு ஷிப்டுக்கு இரண்டு பேரை மில்லில் இறக்கிவிடுகிறது. வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு ஆடு, கோழியோடு கிளம்புகிறது. இப்படி உழைக்கும் வண்டியின் ஷாக்குக்கும், ஆபீஸ் போய்வரும் வண்டியின் ஷாக்குக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

சுருக்கமான பதில்

தார்ச்சாலையில் ஒரு ஆள் மட்டும் ஓட்டும் சாதாரண பைக்குக்கு முன் போர்க் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டபுள்ஸ், மண்பாதை இரண்டும் கலந்து ஓடினால் 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு. பால், காய்கறி, தீவன மூட்டை என்று தினமும் பாரம் ஏற்றினால் 10,000 கி.மீ. செலவு, 100 சிசி வண்டிக்கு ஆயிலும் சீலும் கூலியும் சேர்த்து ஏறக்குறைய 570 முதல் 950 ரூபாய். பின் ஷாக் கெட்டுப்போனால் பெரும்பாலான வண்டிகளில் பிரித்துச் சரிசெய்ய முடியாது. ஜோடியாக மாற்ற வேண்டும். அதற்கு 1,300 முதல் 2,200 ரூபாய் வரை ஆகலாம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது, கடையில் எதைக் கேட்க வேண்டும், எதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஷாக்குக்குள் என்ன நடக்கிறது?

ஷாக்கில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று ஸ்பிரிங், மற்றொன்று ஆயில். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது அமுங்கி விரிவதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு குழியைத் தாண்டிய பிறகும் வண்டி நாலைந்து முறை குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதியை அடக்குவது ஆயிலின் வேலை.

போர்க் அமுங்கும்போதும் விரியும்போதும் உள்ளே இருக்கும் ஆயில் சிறு துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியில் குதியின் வேகம் சூடாக மாறிவிடுகிறது. மோசமான மண்பாதையில் நெடுநேரம் பாரத்தோடு ஓடிவந்த வண்டியின் பின் ஷாக் உடலைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். பாதையின் குலுக்கல்தான் அங்கே வெப்பமாகியிருக்கிறது.

உட்காருகிறவரின் சொகுசுக்காகத்தான் ஷாக் இருக்கிறது என்று நினைக்கிறோம். சொகுசு இரண்டாவது வேலைதான். முதல் வேலை, டயரைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்ந்து முன்சக்கரத்தில் இறங்குகிறது. அந்த நேரத்தில் போர்க்கில் ஆயில் போதுமான அளவு இல்லையென்றால் முன்பக்கம் சட்டென்று தாழ்ந்து, பிறகு எகிறும். டயர் எகிறும் அந்தக் கணத்தில் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. தரையில் இல்லாத டயரால் வண்டியை நிறுத்த முடியாது. நான்குவழிச் சாலையில் திடீரென்று குறுக்கே யாராவது வரும்போது இதுதான் உயிருக்கும் விபத்துக்கும் இடையிலான தூரத்தைத் தீர்மானிக்கிறது.

ஏன் கெட்டுப்போகிறது?

முதல் காரணம் ஆயிலின் வயது. துளைகளில் நெருங்கி நெருங்கி, சூடேறிச் சூடேறி அது தன் பிசுபிசுப்பை இழக்கிறது. இரண்டாவது, உள்ளே உரசும் புஷ்ஷிலிருந்தும் பைப்பிலிருந்தும் வரும் உலோகத்தூள். புதிதாக ஊற்றும்போது தெளிவாக இருந்த ஆயில், பிரித்து வடிக்கும்போது சாம்பல் நிறத்தில், வெயிலில் சாய்த்தால் மினுமினுப்போடு வருவது இந்தத் தூளால்தான். அந்தத் தூள் திரும்பத் திரும்ப உரசி மேலும் தேய்மானத்தை உண்டாக்குகிறது.

மூன்றாவது ஆயில் சீல். குக்கர் காஸ்கெட்டைப் போல இதுவும் ரப்பர்தான். நாளாக நாளாகக் கெட்டிப்பட்டுப் பிடிப்பை விடும். இதன் மெல்லிய உதடுதான் போர்க் பைப்பை அணைத்துப் பிடித்து ஆயிலை உள்ளே நிறுத்துகிறது. அந்த உதட்டுக்கு முதல் எதிரி நம் ஊர்ப் புழுதி. போர்க் பைப்பின் மேல் எப்போதும் மிக மெல்லிய ஆயில் படலம் இருக்கும். செம்மண் தூசி அதில் ஒட்டிக் குழம்பாகி, பைப் உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் சீலை அரத்தால் தேய்ப்பதுபோல் ராவுகிறது.

நான்காவது துரு. பைப்பின் மேல் குரோம் பூச்சு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் நனைந்துகொண்டே நிற்கும் வண்டியில், கல் தெறித்துப் பூச்சு போன இடத்தில் ஊசிமுனை அளவுக்குத் துரு பிடிக்கும். பிறகு அந்தப் புள்ளி சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். புது சீல் போட்ட சில வாரத்திலேயே மறுபடி கசிகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி பைப்தான், சீல் அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் மேலே பாரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டிக்கு நிறுவனம் அனுமதிக்கும் சுமை, ஓட்டுகிறவரையும் சேர்த்து 130 கிலோ. 40 லிட்டர் பால் கேன் நிறைந்திருந்தால் கேனின் எடையும் சேர்ந்து 45 கிலோவைத் தாண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கட்டினால் 90-க்கு மேல். ஓட்டுகிறவர் 65 கிலோ என்றால் மொத்தம் 155. தினமும் காலையும் மாலையும் இந்தப் பாரத்தோடு கரட்டுப் பாதையில் ஓடும் ஷாக், சாலையில் ஓடும் ஷாக்கைவிடப் பாதி நாளில் தளர்ந்தால் அதில் ஆச்சரியமில்லை.

பிரிக்கக்கூடியது எது, மாற்ற வேண்டியது எது?

எல்லா ஷாக்கையும் பிரிக்க முடியாது. பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல்களுக்கும் ஷாக் உண்டு. பனிமேடுகளில் இடைவிடாமல் குதித்து ஓடுவதால், குளிர்நாடுகளில் அதைக் கடுமையாக ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் ஷாக்கைப் பிரித்து, ஆயிலும் சீலும் மாற்றி, நைட்ரஜன் அடைத்து மறுபடி மாட்டுகிறார்கள். அப்படிச் செய்ய முடிவதற்குக் காரணம், விலை உயர்ந்த அந்த ஷாக்குகள் மரை போட்டுப் பிரித்து மாட்டும்படியே செய்யப்பட்டவை என்பதுதான்.

நம் வண்டியில் பாதிதான் அப்படி. முன்பக்கத்து டெலஸ்கோப்பிக் போர்க் பிரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், நடுவில் சீலைப் பிடிக்கும் ஒரு கிளிப். எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துப் புதுப்பிக்கலாம். பின்பக்கத்து இரட்டை ஷாக் அப்படியல்ல. ஸ்பிளெண்டர், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி போன்ற வண்டிகளில் ஆயில் இருக்கும் குழாயின் வாயைத் தொழிற்சாலையிலேயே மடித்து அடைத்துவிடுகிறார்கள். மேலே உள்ள ஸ்பிரிங்கைக் கழற்றலாம், ரப்பர் புஷ் மாற்றலாம். உள்ளே கை வைக்க வழி கிடையாது.

பின்பக்கம் சிறு கேஸ் குடுவை ஒட்டிய ஷாக்குகளும் நடுவில் ஒற்றையாக நிற்கும் மோனோஷாக்குகளும் வேறு வகை. பலவற்றில் நைட்ரஜன் அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். இவற்றில் சிலவற்றைத் தகுந்த கருவி உள்ள பட்டறையில் பிரித்துச் சரிசெய்யலாம். சாதாரணப் பட்டறையில் அறுக்கவோ ஓட்டை போடவோ விடாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும்.

ஸ்கூட்டர்களில் மாடலைப் பார்க்க வேண்டும். 110 சிசி ஆக்டிவாவுக்கு 2020-இல் வந்த 6ஜி மாடலில்தான் முன்பக்கம் டெலஸ்கோப்பிக் போர்க் வந்தது. அதற்கு முந்தைய 110 சிசி ஆக்டிவாக்களில் முன்சக்கரத்தின் இணைப்பில் சிறு ஷாக்குகள் இருக்கும். அவை தளர்ந்தால் மாற்றத்தான் வேண்டும், கூடவே இணைப்பின் புஷ்களையும் பார்க்க வேண்டும். எக்ஸ்எல் 100-இன் முன்பக்கம் ஸ்பிரிங் வகை. அங்கே ஆயில் மாற்றும் பேச்சு இல்லை. சுத்தம் செய்வதும் தேய்ந்த புஷ் மாற்றுவதும்தான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

வண்டியோடு வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். ஹீரோ வண்டிகளுக்கு அந்த நிறுவனம் சொல்வது, 2 ஆண்டு அல்லது 30,000 கி.மீ., எது முன்னே வருகிறதோ அப்போது போர்க் ஆயில் மாற்று என்பது. மற்ற நிறுவனங்களின் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். எப்படியிருந்தாலும் அந்த எண் நல்ல சாலையில், அளவான பாரத்தில் ஓடும் வண்டிக்கு. நம் பாதைக்கு அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான் பரிந்துரைப்பது இது:

திண்டுக்கல்லுக்கும் ஊருக்கும் சாலையில் மட்டும் ஓடும் வண்டி, ஒரு ஆள்: கையேடு சொல்லும் கணக்கே போதும். கையேடு இல்லையென்றால் 2 ஆண்டு அல்லது 20,000 கி.மீ.

டபுள்ஸ் ஓடும் வண்டி, வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை மண்பாதை: ஓராண்டு அல்லது 15,000 கி.மீ. ஆயில் மாற்றும்போதே சீலும் மாற்றிவிடுங்கள்.

பால், காய்கறி, தீவனம் சுமக்கும் பைக்: ஓராண்டு அல்லது 10,000 கி.மீ. பின் ஷாக்கை 3 மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சாலை வண்டியில் 40,000, 50,000 கி.மீ. தாங்கும் பின் ஷாக், பாரவண்டியில் 20,000-இலேயே தளர்ந்துபோகலாம்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டி: கி.மீ. ஏறாவிட்டாலும் 2 ஆண்டு ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். ரப்பருக்கும் ஆயிலுக்கும் வயது நின்றுகொண்டே ஏறும்.

எந்த மாதத்தில் செய்வது என்று கேட்டால், தை மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். மழைக்காலத்தில் சீல் வழியே உள்ளே நுழைந்த ஈரமும் சேறும் கோடை முழுதும் உள்ளேயே கிடந்து அரிக்காமல் வெளியேறிவிடும். பொங்கலுக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது போர்க் கணக்கையும் பார்த்துவிட்டால் ஆண்டுதோறும் தேதி மறக்காது.

வீட்டிலேயே சோதிக்க 5 வழிகள்

ஒன்று, துணிச் சோதனை. போர்க் பைப்பை, சீலுக்குச் சற்று மேலே, வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். மெல்லிய ஈரம் இருப்பது இயல்பு. துணியில் கருப்பு வளையமாக ஆயில் ஒட்டினாலோ, பைப்பில் சொட்டாக நின்றாலோ சீல் போய்விட்டது.

இரண்டு, நகச் சோதனை. அதே பைப்பில் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துருக்குழியோ கீறலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சீல் போடுவது காசைக் கரியாக்குவது.

மூன்று, அமுக்கிப் பார்ப்பது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை உடல் எடையோடு அழுத்தி விடுங்கள். முன்பக்கம் ஏறி வந்து ஒரே மூச்சில் அமைதியாக வேண்டும். இரண்டு, மூன்று முறை ஊஞ்சலாடினால் ஆயில் அடக்கவில்லை என்று பொருள். பின்பக்கம் சீட்டின் கடைசியை அழுத்தி விட்டும் இதே போல் பாருங்கள்.

நான்கு, ரப்பர் பேண்ட். போர்க் பைப்பில், சீலை ஒட்டினாற்போல் ஒரு ரப்பர் பேண்டையோ மெல்லிய டேகையோ கட்டி, வழக்கமான பாதையில் ஒரு நாள் ஓட்டுங்கள். போர்க் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அவ்வளவு மேலே அது தள்ளப்பட்டிருக்கும். சாதாரண வேகத்தடையிலேயே பைப்பின் உச்சி வரை போயிருந்தால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது அல்லது ஆயில் குறைந்துவிட்டது.

ஐந்து, டயரைத் தடவிப் பார்ப்பது. முன் டயரில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுகிறதா? காற்றும் வீலும் சரியாக இருந்தும் அப்படித் தேய்ந்திருந்தால், டயர் தரையில் பதியாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது முன்னே 'டக்' என்று தட்டினால் அதை உடனே போர்க் என்று முடிவுகட்ட வேண்டாம். ஹேண்டிலின் கோன் செட் தளர்ந்தாலும் அதே சத்தம் வரும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். ஹேண்டில் தலையில் ஆடினால் கோன் செட். பைப்பும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் ஆடினால் போர்க் புஷ்.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

பட்டறையில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுப்பார்கள். முன்சக்கரம், மட்கார்டு கழலும். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும்; ஹோஸில் தொங்க விடக் கூடாது. போர்க்கை உருவுவதற்கு முன்பே மேல் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திக்கொள்வார்கள். கடைசியில் அதைக் கழற்றும்போது உள்ளே ஸ்பிரிங் அமுங்கியிருப்பதால் எகிறிக் கண்ணில் அடிக்கும். கையால் அழுத்திப் பிடித்தே விட வேண்டும்.

போர்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் பழைய ஆயில் வடியும். அதை ஒரு டப்பாவில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சாம்பல் நிறத்தில் மின்னினால் உலோகத்தூள். போர்க்கின் ஒரு காலில் வந்த அளவும் மறு காலில் வந்த அளவும் வெகுவாக வேறுபட்டால், குறைந்த பக்கம் கசிந்திருக்கிறது. இந்த ஒரு டப்பாவைப் பார்த்தாலே போர்க்கின் கதை முழுதும் தெரிந்துவிடும்.

பிறகு அடி போல்ட்டைக் கழற்றி பைப்பை உருவி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். பைப்பைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். அப்போது நல்ல மெக்கானிக் கேட்பார்: "அண்ணே, சீல் மட்டும் போட்டா மறுபடி கக்கும். பைப்புல இந்த எடத்துல புள்ளி விழுந்திருக்கு, நீங்களே தடவிப் பாருங்க. என்ன செய்யலாம்?" அப்படிக் கேட்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

புது சீலின் உதட்டில் கிரீஸோ போர்க் ஆயிலோ தடவி, பைப்பின் வாயில் உள்ள கூர்மை கிழிக்காதபடி பிளாஸ்டிக் உறை போட்டு இறக்க வேண்டும். சீலை அதன் அளவுக்குப் பொருந்தும் குழாய்த்துண்டால் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்காரவைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு மூலையாகக் குத்தி இறக்கினால் சீல் அன்றே காயப்பட்டுவிடும்.

ஆயில் ஊற்றும் இடத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். 100, 125 சிசி வண்டிகளில் ஒரு காலுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 மில்லி வரை பிடிக்கும். துல்லியமான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். அளவு கோப்பையால் அளந்தே ஊற்ற வேண்டும், இரண்டு காலிலும் ஒரே அளவு. ஊற்றியதும் பைப்பைப் பலமுறை மேலும் கீழுமாக இழுத்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்பிரிங் போட வேண்டும்.

செலவுக் கணக்கு

கீழே உள்ளவை தோராய விலைகள். கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல், வாங்கும் பிராண்டைப் பொறுத்து ஏறும் இறங்கும். ஒரு மதிப்பீடு கையில் இருந்தால் பேரம் பேச எளிது.

100, 125 சிசி பைக், முன் போர்க்: ஆயில் 120 முதல் 200 ரூபாய். சீலும் டஸ்ட் சீலும் சேர்த்து 150 முதல் 300. கூலி 300 முதல் 450. மொத்தம் 570 முதல் 950.

150 முதல் 200 சிசி வரை: ஆயில் அதிகம் பிடிக்கும், சீல் விலையும் கூடும். மொத்தம் 900 முதல் 1,500.

புல்லட் வகை: 1,200 முதல் 2,000.

போர்க் பைப் மாற்ற வேண்டியிருந்தால் 100 சிசி வண்டிக்கு ஒரு பைப் 500 முதல் 900 ரூபாய் கூடுதல்.

பின் ஷாக், 100 சிசி வண்டிக்கு ஜோடி 1,300 முதல் 2,200. மாட்டும் கூலி 100 முதல் 200, அரைமணி வேலை.

மோனோஷாக் மாற்றினால் 2,500-இலிருந்து 6,000 வரை, வண்டியைப் பொறுத்து.

2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பின் ஷாக் ஜோடி வாங்கும்போது பில் கேளுங்கள், வரி 18 சதவீதம்தானா என்று பாருங்கள். நம் நாட்டு வண்டிகளுக்கு ஷாக் செய்துகொடுக்கும் பெரிய நிறுவனங்கள் கேப்ரியல், எண்டூரன்ஸ், முஞ்சால் ஷோவா. கேப்ரியலுக்கு ஓசூரிலேயே ஆலை இருக்கிறது. நிறுவனப் பெட்டிக்குள் வரும் ஷாக்கை ஒத்த தரத்தில் இவர்களின் சொந்தப் பெயரில் வருவதும் கிடைக்கும், விலை குறைவு. பெயரில்லாத மலிவு ஷாக் பளபளவென்று இருக்கும், பாரவண்டியில் ஓராண்டு தாங்குவதே கடினம்.

இனி இந்தச் செலவைக் கி.மீ. கணக்கில் பாருங்கள். போர்க் வேலைக்கு 750 ரூபாய், அது 15,000 கி.மீ. வருகிறது என்றால் கி.மீ.க்கு 5 பைசா. பின் ஷாக் 1,800 ரூபாய், 45,000 கி.மீ. வந்தால் 4 பைசா. இரண்டும் சேர்த்து 9 பைசா. லிட்டர் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு லிட்டருக்கு 50 கி.மீ. ஓடினாலும் எரிபொருள் மட்டும் கி.மீ.க்கு 2 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் ஷாக் பராமரிப்பு ஒரு செலவே அல்ல.

தள்ளிப்போட்டால்தான் செலவு. கசிந்த ஆயில் போர்க்கின் காலில் வழிந்து பிரேக்கை எட்டும். பேடிலோ ஷூவிலோ ஆயில் ஊறினால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஆயில் குறைந்த போர்க்கில் புஷ்ஷும் பைப்பும் உலர்ந்து உரசித் தேயும். முன் டயர் பாதி ஆயுளில் மேடுபள்ளமாகும். சீல் ஜோடி, பிரேக் பேடு, பைப், டயர் என்று கூட்டினால் 750 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 3,000, 4,000-க்கு வந்து நிற்கும். இடுப்புவலிக்கு மருத்துவரிடம் போகும் செலவு இதில் சேராது.

வேண்டவே வேண்டாம்

போர்க்கில் இன்ஜின் ஆயில் ஊற்றச் சம்மதிக்காதீர்கள். பிசுபிசுப்பும் நுரை தாங்கும் தன்மையும் வேறு. "கெட்டியா இருந்தா ஷாக் டைட்டா இருக்கும்" என்று 20W40 ஊற்றினால் முதலில் இறுக்கமாகத் தெரியும். சிறு குழியில் கூடப் போர்க் அசையாமல் அடி முழுதும் கைக்கு வரும். அதுபோலவே அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதும். உள்ளே காற்றுக்கு இடம் இல்லாமல் அழுத்தம் ஏறிப் புது சீலையே வெளியே தள்ளிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஒரு கால் புது ஆயிலிலும் மறு கால் பழைய ஆயிலிலும் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

பின் ஷாக்கில் ஓட்டை போட்டு ஆயில் ஊற்றி வெல்டிங் வைத்து அடைத்துத் தரும் இடங்கள் இருக்கின்றன. 300, 400 ரூபாய்க்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும். வெல்டிங் சூட்டில் உள் சீல் பொசுங்கும். வெல்டிங் பொடி உள்ளே கிடந்து உரசும். ஆயில் அளவும் குத்துமதிப்பு. சில மாதத்தில் மறுபடி கசியும். பாரத்தோடு போகும்போது ஒட்டுப்போட்ட இடம் விட்டால் பின்பக்கம் ஒருபுறம் சரியும். வேண்டாம்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் துண்டு திணிப்பதும் தீர்வல்ல. அந்த இடத்தில் ஸ்பிரிங் அமுங்காது, மற்றச் சுற்றுகள் கூடுதலாக அமுங்கும். ஒரு நாள் உடையும். பாரம் ஏற்றினால் பின் ஷாக்கில் இருக்கும் படிநிலை வளையத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஸ்பிளெண்டரில் 5 படி உண்டு. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பாரம் இறக்கியதும் பழைய படிக்குத் திருப்புங்கள். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் படி ஸ்பிரிங்கைத்தான் இறுக்குகிறது, தளர்ந்துபோன ஆயிலைச் சரிசெய்யாது.

ஆயுளைக் கூட்டும் சிறு பழக்கங்கள்

மண்பாதையில் ஓடி வந்த நாளில் போர்க் பைப்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பத்து விநாடி வேலை. வாட்டர் சர்வீஸில் வண்டியைக் கழுவும்போது அழுத்தத் தண்ணீரை நேரே சீலின் மேல் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கிடைத்தால் போர்க்குக்கு ரப்பர் பூட் போடுங்கள். சுருக்கு மடிப்போடு இருக்கும் அந்த உறையை பஜாஜ் சிடி போன்ற கிராமத்துப் பாதைக்கான வண்டிகளில் நிறுவனமே மாட்டித் தருகிறது. 200 ரூபாய்க்குள் கிடைக்கும் அது புழுதியைச் சீல் பக்கமே அண்டவிடாது. வருடத்தில் ஒருமுறை பூட்டைத் தூக்கி உள்ளே சேறு தங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். காற்று அதிகமானால் டயர் உள்வாங்க வேண்டிய சிறு அதிர்வையும் ஷாக் தலையில் ஏற்றுகிறோம். பால் கேனை முடிந்தவரை முன்னே, ஓட்டுகிறவரின் பக்கமாகக் கட்டுங்கள். சீட்டுக்கு வெளியே பின்னால் தள்ளித் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் பின் ஷாக்கில் கூடுதலாக விழுகிறது.

கடைசியாக, போர்க் வேலை செய்த தேதியையும் அப்போது மீட்டர் காட்டிய கி.மீ.யையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தேய்மானம் மெதுவாக வருவதால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நம் கை சொல்வதை நம்ப முடியாது, எழுதி வைத்ததைத்தான் நம்ப வேண்டும். வண்டியில் மனைவி, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் யாருக்கும் வருடத்தில் ஒரு அரைநாளும் எழுநூறு, எண்ணூறு ரூபாயும் பெரிய செலவல்ல. இந்தச் சீட்டு இதுவரை இல்லையென்றால், அடுத்த இன்ஜின் ஆயில் மாற்றும் நாளில் போர்க்கையும் பிரிக்கச் சொல்லி, அன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.